துருவை எதிர்க்கும் ஆப்பிள் எது?

அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் ஏப்ரல், மே மாதங்களில் நல்ல மழை ஒன்று பெய்து ஓய்ந்தால், வேலியோரத்துச் சிடார் மரங்களில் ஒரு வேடிக்கை நடக்கும். முதல் நாள்வரை யார் கண்ணிலும் படாமல் கிளையோடு கிளையாகக் கிடந்த பழுப்புக் கட்டிகள் மறுநாள் ஆரஞ்சுப் பூக்களாக மாறியிருக்கும். கட்டி பட்டாணி அளவிலிருந்து எலுமிச்சை அளவுவரை இருக்கும். மேலெல்லாம் அம்மைத் தழும்புபோலக் குழிகள். நீர் பட்டதும் ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு கொம்பு கிளம்பி, பாகில் ஊறிய ஜாங்கிரி இழைபோல வழவழவென்று நீளும். வெயில் ஏறினால் வற்றிச் சுருங்கிவிடும். அடுத்த மழைக்கு மறுபடி நீளும். ஊர்மக்கள் இந்தக் கட்டிக்கு வைத்த பெயர் ‘சிடார் ஆப்பிள்’. அது ஆப்பிளும் இல்லை, அந்த மரம் சரியாகச் சொன்னால் சிடாரும் இல்லை. ஜூனிப்பர் பேரினத்தைச் சேர்ந்தது. கட்டிக்குள் இருப்பது ஒரு துருப்பூஞ்சை. ஜிம்னோஸ்போராஞ்சியம் ஜூனிபெரி-வர்ஜினியானே என்பது அதன் முழுப் பெயர்.

அந்த ஈரக் கொம்புகளில் உருவாகும் நுண்வித்துகள் காற்றேறிப் போய் ஆப்பிள் இலையில் இறங்குகின்றன. இறங்கிய இடம் எந்த ரகத்து இலை என்பதைப் பொறுத்து அதன்பின் நடப்பது முற்றிலும் வேறுபடுகிறது. ஒரே தோட்டத்தில், ஒரே வரிசையில், கிளைகள் உரசிக்கொண்டு நிற்கும் இரண்டு மரங்களில் ஒன்று ஜூலையில் மஞ்சளாகி இலை கொட்டும். மற்றது பச்சைப்பசேலென்று நிற்கும். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது, ரகப் பட்டியல்கள் இதைப் பற்றிச் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பதே இங்கே கேள்வி.

துருநோய் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது இலங்கையின் காப்பி. 1869இல் அங்கே பதிவான இலைத்துரு, இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தோட்டங்களைத் தேயிலைத் தோட்டங்களாக்கிவிட்டது. அந்தக் காப்பித் துருவுக்கு ஒரு வசதி உண்டு. ஓர் இலையில் விளைந்த வித்து அடுத்த காப்பி இலையை நேராகத் தாக்கும்; ஒரே பருவத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெருகும். ஆப்பிள் துருவால் அது முடியாது. ஆப்பிள் இலையில் விளையும் வித்து இன்னோர் ஆப்பிள் இலையில் முளைக்காது. அது சிடாருக்குத்தான் திரும்ப வேண்டும். கோடை முடிவில் சிடாருக்குப் போன வித்து அடுத்த ஆண்டு கட்டியாகத் திரண்டு, அதற்கடுத்த வசந்தத்தில்தான் கொம்பு விடும். முழுச் சுற்றுக்கு இரண்டு ஆண்டு. ஆப்பிளைப் பொறுத்தவரை ஆண்டுக்கு ஒரே ஒரு படையெடுப்புதான்: மொட்டு இளஞ்சிவப்பாகும் நாளிலிருந்து இதழ் உதிர்ந்து ஒரு மாதம் போலாகும்வரை. அந்தச் சில வாரங்களை ஒரு மரம் கடந்துவிட்டால் அந்த ஆண்டு பிழைத்தது.

இரண்டு மரங்களில் வாழும் ஒரே உயிர் இது என்பது தெரிய வெகுகாலம் ஆயிற்று. வட கரோலினாவின் சேலத்தில் வாழ்ந்த ஷ்வைநிட்ஸ் என்ற மொரேவியப் பாதிரியார் 1822இல் சிடார் கட்டியிலிருந்த பூஞ்சையை விவரித்தார். ஆப்பிள் இலையில் இருந்ததை அறிஞர்கள் ரோஸ்டீலியா என்ற தனிப் பேரினத்தில் வைத்திருந்தார்கள். 1860களில் ஐரோப்பாவில் டி பாரி என்ற அறிஞர் கோதுமைத் துருவுக்கும் பார்பெர்ரி புதருக்கும் உள்ள தொடர்பை நிறுவிய பிறகுதான், துருப்பூஞ்சைகள் வீடு மாற்றும் என்ற எண்ணமே வேரூன்றியது. அமெரிக்காவில் ரோலண்ட் தாக்ஸ்டர் என்ற ஆய்வாளர் 1880களில் சிடார் வித்துகளை ஆப்பிள் இனங்களில் இட்டுப் பார்த்து இரண்டும் ஒன்றே என்று காட்டினார்.

தொடர்பு தெரிந்ததும் முதலில் யாருக்கும் தோன்றிய தீர்வு ரகத்தை மாற்றுவதல்ல, சிடாரை வெட்டுவது. வர்ஜீனியா மாநிலம் 1914இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. ஆப்பிள் தோட்டத்திலிருந்து இரண்டு மைலுக்குள் நிற்கும் சிடார்களை அரசு வெட்டச் சொல்லலாம். உள்ளூர் நிலவுடைமையாளர் பத்துப் பேர் மனுக் கொடுத்தால் மாநிலப் பூச்சியியலாளர் வந்து விசாரிப்பார். ஷெனன்டோவா மாவட்டத்தில் மில்லர் குடும்பத்தார் அழகுக்காக வளர்த்த ஏராளமான சிடார்களை வெட்ட உத்தரவு வந்தது. வெட்டுகூலியாக 100 டாலர் கிடைத்தது. மரம் போனதற்கும் நிலத்தின் மதிப்பு குறைந்ததற்கும் இழப்பீடு இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 1928இல் நீதிபதி ஸ்டோன் எழுதிய ஒருமனதான தீர்ப்பு அரசின் பக்கம் நின்றது. இரண்டு சொத்துகளில் ஒன்று அழிந்தே தீரும் என்ற நிலையில், அரசு கையைக் கட்டிக்கொண்டு நின்றாலும் அதுவும் ஒரு தேர்வுதான் என்பது அவருடைய வாதம். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சொத்துரிமை வகுப்பில் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

சட்டம் படிப்பவர்கள் பெரும்பாலும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தத் தோட்டங்களில் நின்றது எந்த ஆப்பிள்? ஷெனன்டோவா பள்ளத்தாக்கின் வணிகப் பயிர் அன்று யார்க் இம்பீரியல். துருவுக்கு மிக எளிதில் இரையாகும் ரகங்களில் அதுவும் ஒன்று. அந்தக் காலத்தில் பெரிதாகப் பயிரான பென் டேவிஸ், ரோம் பியூட்டி, ஜோனதன் ஆகியவையும் அதே கட்சி. ஆப்பிள் மரம் நட்டால் ஒரு தலைமுறைக்கு நிற்கும். நெல்லைப்போல அடுத்த பட்டத்தில் வேறு ரகம் போட்டுக்கொள்ள முடியாது. தோட்டக்காரர் தன் மரத்தை வெட்ட மாட்டார் என்பதால் பக்கத்து வீட்டுக்காரர் மரத்தின் மேல் கோடரி விழுந்தது. வர்ஜீனியாவின் அன்றைய பயிர் துருவை எதிர்க்கும் ரெட் டெலிஷஸாகவோ வைன்சாப்பாகவோ இருந்திருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு பொருத்தம். சட்டம் வந்த அதே 1914இல் மிசௌரியின் ஸ்டார்க் நாற்றங்கால் நிறுவனம் மேற்கு வர்ஜீனியாவின் கிளே மாவட்டத்தில், முல்லின்ஸ் என்பவரின் பண்ணையில் தானாக முளைத்திருந்த ஒரு மஞ்சள் ஆப்பிள் மரத்தை வாங்கியது. மரத்தைச் சுற்றிக் கூண்டு கட்டிப் பூட்டினார்கள். அதுதான் கோல்டன் டெலிஷஸ். சுவைக்கும் விளைச்சலுக்கும் புகழ் பெற்று உலகெங்கும் போனது. கூடவே துருவுக்குத் தலைவணங்கும் குணத்தையும் தன் பிள்ளைகளுக்கு ஊட்டிக்கொண்டே போனது.

இப்போது இலையைக் கிட்டத்தில் பார்ப்போம். மே மாதத்தில் கோல்டன் டெலிஷஸின் இளந்தளிரில் வித்து விழுகிறது. இலை சில மணி நேரம் நனைந்திருக்க வேண்டும்; குளிரும் இல்லாமல் வெக்கையும் இல்லாமல், 13 முதல் 24 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் தோது. ஒன்றிரண்டு வாரத்தில் மேற்புறத்தில் குண்டூசித் தலையளவு மஞ்சள் புள்ளி தோன்றும். அது விரிந்து ஆரஞ்சாகி, ஓரத்தில் சிவப்புக் கரை கட்டும். நடுவில் பசைத் துளிக்குள் மிளகுத் தூள் தூவியதுபோலக் கருப்புப் பொட்டுகள். ஜூலை, ஆகஸ்டில் இலையைத் திருப்பினால் அதே இடம் தடித்துப்போய், அதிலிருந்து கிழிந்த விளிம்புள்ள குட்டிக் குட்டிக் குழல்கள் துருத்திக்கொண்டிருக்கும். சிடாருக்குத் திரும்பும் வித்துகள் அந்தக் குழல்களில்தான் விளைகின்றன. ஓர் இலையில் இப்படிப் பத்திருபது வந்தால் அது முன்கூட்டியே உதிரும். மரம் சாகாது. ஆனால் இலை போன மரம் அடுத்த ஆண்டுக்கான பூமொட்டைக் குறைத்துக்கொள்ளும், காய் சிறுக்கும்.

அதே நாளில் அதே வித்து ரெட் டெலிஷஸ் இலையில் விழுந்தாலும் முளைக்கத்தான் செய்கிறது. உள்ளே நுழையவும் செய்கிறது. ஆனால் நுழைந்த இடத்தைச் சுற்றியுள்ள செல்கள் சட்டென்று தாமே செத்துப்போகின்றன. துருப்பூஞ்சைக்கு உயிருள்ள செல்லில்தான் சாப்பாடு. செத்த செல்லில் அது பட்டினி கிடந்து மடியும். வெளியே தெரிவது வெளிறிய ஒரு சிறு பொட்டு மட்டும்தான். குழல் கிடையாது, திரும்பிப் போக வித்தும் கிடையாது. இதில் அதிகம் பேசப்படாத ஒரு விளைவும் உண்டு. எதிர்க்கும் மரம் தன்னைக் காத்துக்கொள்வதோடு பூஞ்சையின் சுற்றையும் அந்த இடத்தில் அறுத்துவிடுகிறது. சுற்றுவட்டாரம் முழுக்க அப்படிப்பட்ட மரங்களாக இருந்தால் சிடாரில் கட்டியும் ஆண்டுக்காண்டு குறைய வேண்டும். நடைமுறையில் அது நடப்பதில்லை. காடுகரையில் வளரும் அமெரிக்க நாட்டுக் காட்டு ஆப்பிள்கள் துருவுக்கு விருந்தோம்பிக்கொண்டே இருக்கின்றன.

அந்தக் காட்டு ஆப்பிள்களோடுதான் இந்தப் பூஞ்சை ஆதியிலிருந்து வாழ்ந்து வந்தது. நாம் தின்னும் ஆப்பிள் மத்திய ஆசியாவில் பிறந்து, ஐரோப்பா வழியாகப் பதினேழாம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் குடிபோனது. அங்கே விதையிட்டு வளர்த்த லட்சக்கணக்கான மரங்களில் நல்லதாக வாய்த்தவற்றுக்குப் பெயர் சூட்டினார்கள். அந்தத் தேர்வில் துருவுக்கு எவரும் மதிப்பெண் போடவில்லை. சிடார் அடர்ந்த மேற்கு வர்ஜீனியாவிலேயே கோல்டன் டெலிஷஸ் பிறந்தது. அயோவாவில் ஜெஸ்ஸி ஹையட் தோட்டத்தில் தற்செயலாக முளைத்த மரத்திலிருந்து ரெட் டெலிஷஸ் வந்தது. முன்னது துருவில் தோற்கிறது, பின்னது வெல்கிறது. பெயரில் உறவு இருப்பதால் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. விற்பனைக்காக வைத்த பெயர்.

எதிர்ப்புத் திறன் பிள்ளைகளுக்கு எப்படிப் போகிறது என்பதைக் காட்ட நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா ஆய்வு நிலையம் வெளியிட்ட இரண்டு ரகங்களே போதும். 1966இல் வந்த எம்பயர், மெக்கின்டாஷுக்கும் ரெட் டெலிஷஸுக்கும் பிறந்தது. தாய் தந்தை இருவருமே துருவை எதிர்ப்பவர்கள், பிள்ளையும் எதிர்க்கிறது. 1968இல் வந்த ஜோனகோல்ட், கோல்டன் டெலிஷஸுக்கும் ஜோனதனுக்கும் பிறந்தது. இருவரும் நோஞ்சான்கள், பிள்ளையும் இலை முழுக்க ஆரஞ்சுப் பொட்டோடு நிற்கிறது. ஜப்பானின் அவோமோரியில் கோல்டன் டெலிஷஸை வைத்து உருவாக்கிய முட்சுவும் அப்படித்தான். இந்த எதிர்ப்பை ஓங்கி நிற்கும் ஒன்றிரண்டு மரபணுக்களே பெரும்பாலும் ஆள்கின்றன என்பது கலப்பு ஆய்வுகளின் பொதுவான முடிவு. பயிர்ப் பெருக்கம் செய்பவர்களுக்கு இது நல்ல செய்தி. வேண்டுமென்றால் சேர்த்துவிடலாம்.

ஆனால் வேண்டும் என்று எவரும் பெரிதாகக் கேட்கவில்லை. ஆப்பிள் ஆய்வாளர்களின் கவலையெல்லாம் ஸ்கேப் என்னும் சொறிநோய் மேல்தான். பர்டியூ, ரட்கர்ஸ், இல்லினாய் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் கூட்டாக நடத்திய திட்டத்தில், மாலஸ் புளோரிபண்டா என்ற ஆசிய அலங்கார ஆப்பிளிலிருந்து ஸ்கேப் எதிர்ப்பை எடுத்து உண்ணும் ஆப்பிளில் சேர்த்தார்கள். அதன் முதல் வெளியீடு 1970இல் வந்த பிரைமா. ஸ்கேப் அதைத் தொடாது, துரு தொடும். இரண்டு ஆண்டு கழித்து வந்த பிரிஸில்லாவின் தாய் டெலிஷஸ் வகை. அதனால் அது துருவையும் எதிர்க்கிறது. 1990களில் வந்த கோல்டுரஷ் அந்தத் திட்டத்தின் மிகச் சுவையான பிள்ளை என்று பலர் சொல்வார்கள். மாதக்கணக்கில் வைத்தாலும் கெடாது, வைக்க வைக்க இனிக்கும். ஆனால் அதன் ஒரு பக்கத்துப் பெற்றோர் கோல்டன் டெலிஷஸ். துரு விஷயத்தில் குடும்ப வழக்கத்தை அது விடவில்லை.

இங்கேதான் ஒரு வினோதம் நடந்தது. ஸ்கேப் வராத ரகத்தை நட்டவர்கள் இனி வசந்தத்தில் மருந்தடிக்க வேண்டாம் என்று சந்தோஷப்பட்டார்கள். மருந்தடிப்பை நிறுத்தியதும் துரு வந்து நின்றது. அதுவரை ஸ்கேப்புக்காக அடித்த மருந்துகளில் சில, யாரும் கேட்காமலே துருவையும் அடக்கி வைத்திருந்தன. மான்கோசெப், மைக்ளோபியூட்டனில் போன்றவை இரண்டையும் கட்டும். கேப்டான் ஸ்கேப்பை நன்றாகக் கட்டும், துருவை அசைக்காது. இயற்கை வழித் தோட்டங்களில் புழங்கும் கந்தகமும் துருவிடம் பலவீனமானதே. ஆக, ஒரு ரகம் ‘பிரச்சினை இல்லாதது’ என்று ஒரு தோட்டக்காரர் சொன்னால் அது மரத்தின் குணமா, அவருடைய மருந்து டப்பாவின் குணமா என்று விசாரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ரகப் பட்டியல்கள் ஒன்றோடொன்று முரண்படுவதற்கு இது ஒரு காரணம். இதைவிடப் பெரிய காரணம், ‘துரு’ என்று ஒருமையில் சொல்வதுதான். கிழக்கு அமெரிக்காவில் சிடாரிலிருந்து ஆப்பிளுக்கு வருகிற துருக்கள் மூன்று. இதுவரை பேசியது ஒன்று. ஹாத்தார்ன் துரு என்ற இரண்டாவது, ஆப்பிளின் இலையோடு நிறுத்திக்கொள்ளும், அதிகத் தொல்லையில்லை. மூன்றாவதான குயின்ஸ் துரு விஷயம் வேறு. அது ஆப்பிள் இலையைத் தொடுவதில்லை, காயைத்தான் பிடிக்கும். பூ இருந்த முனையில் கரும்பச்சையாகக் குழி விழுந்து, காய் கோணி, சதை நடுவரைக்கும் கெட்டுவிடும். சிடார் ஆப்பிள் துருவுக்கு அசைந்து கொடுக்காத ரெட் டெலிஷஸ், இந்தக் குயின்ஸ் துருவிடம் காயைப் பறிகொடுக்கிறது. பட்டியலில் அதன் எதிரே ‘துரு எதிர்ப்பு: மிக அதிகம்’ என்று படித்துவிட்டு நட்டவர், கோணல் காயைக் கையில் வைத்துக்கொண்டு பட்டியலைத் திட்டுவார். பட்டியல் பொய் சொல்லவில்லை; கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, அவ்வளவே.

கிழக்காசியாவில் நான்காவதாக ஒன்று உண்டு. ஜிம்னோஸ்போராஞ்சியம் யமதே என்ற அந்தப் பூஞ்சை சீனா, ஜப்பான், கொரியா நாடுகளில் ஆப்பிளைத் தாக்குகிறது. இந்த நூற்றாண்டில் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் அலங்கார ஆப்பிள்களில் அதைக் கண்டிருக்கிறார்கள். அமெரிக்கத் துருவை எதிர்க்கும் ரகம் அதையும் எதிர்க்கும் என்று வைத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை.

நம் ஊர் வேளாண் துண்டறிக்கைகளில் ‘எதிர்ப்புத் திறன்’, ‘தாங்கும் திறன்’ என்று இரண்டு சொற்கள் புழங்கும். பேச்சில் இரண்டையும் ஒன்றாக்கி, ‘இந்த ரகம் நோயைத் தாங்கும்’ என்று சொல்லிவிடுகிறோம். ஆப்பிள் துருவில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். லிபர்ட்டி, ரெட்ஃப்ரீ, என்டர்பிரைஸ், வில்லியம்ஸ் பிரைட் போன்றவை எதிர்ப்பவை; இலையில் குழல் வர விடாது. இன்னும் சில ரகங்களில் பொட்டு வரும், சில குழல்களும் வரும், ஆனால் இலை உதிராது, காய் தேறிவிடும். அவை தாங்குபவை. அப்படித் தாங்கும் மரம் தன் சொந்தக்காரருக்கு நட்டம் வைக்காது. ஆனால் சிடாருக்கு வித்து அனுப்பிக்கொண்டேயிருக்கும். பக்கத்துத் தோட்டக்காரருக்கு இரண்டும் ஒன்றல்ல.

எதிர்ப்பவற்றுக்கும் ஒரு சில்லறைச் செலவு உண்டு. வித்து மழை கடுமையாகப் பெய்யும் ஆண்டுகளில் மெக்கின்டாஷ் போன்ற ரகங்களின் இலை முழுக்கச் செத்த பொட்டுகள் விழுந்துவிடும். துரு அதற்குமேல் நகராது; ஆனால் தவளைக்கண் புள்ளி என்ற வேறொரு நோயின் பூஞ்சை அந்தச் செத்த பொட்டுகளில் குடியேறிவிடும். இலை கடைசியில் கெட்டதுதான் மிச்சம். இதைப் பார்த்துவிட்டு ‘மெக்கின்டாஷ் துருவைத் தாங்கவில்லை’ என்று ஒருவர் குறித்து வைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

தளிரின் வயதும் கணக்கில் வரும். விரிந்து ஒரு வாரத்துக்கு மேலான இலையில், எளிதில் தாக்கப்படும் ரகமானாலும், துரு அவ்வளவாக ஏறாது. அதனால் மழை எந்தத் தேதியில் பெய்தது, அன்று எந்த மரம் தளிர்விட்டுக்கொண்டிருந்தது என்பதை வைத்து ஓர் ஆண்டு ஒரு ரகம் தப்பும், மறு ஆண்டு மாட்டும். ஒரே ஆண்டின் பார்வையை வைத்து எழுதிய மதிப்பீடுகளை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்கிறேன். போதாததற்குப் பூஞ்சையும் சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அது கலந்து பிறக்கிறது. ஒன்றிரண்டு மரபணுவின் மேல் நிற்கும் எதிர்ப்பை உடைக்கும் வம்சம் என்றாவது தோன்ற இடமுண்டு. கோதுமைத் துருவில் இது திரும்பத் திரும்ப நடந்த கதை. ஆப்பிள் துருவில் ரெட் டெலிஷஸின் எதிர்ப்பு நூறாண்டுக்கு மேல் பெருமளவு நிலைத்திருக்கிறது. ஓராண்டில் பலமுறை பெருகும் கோதுமைத் துருவைப்போல இதனால் விரைந்து பெருக முடியாதது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

இவ்வளவு தெரிந்தும் புதிய ரகங்களில் துரு எதிர்ப்பு ஏன் முதலிடம் பெறுவதில்லை? அமெரிக்க ஆப்பிளில் பாதிக்கு மேல் வாஷிங்டன் மாநிலத்தில் விளைகிறது. வறண்ட கோடை, பாசன நீர். இந்தச் சிடார் அங்கே இயற்கையாக வளர்வதில்லை. துரு அங்கே கவலையே இல்லை. சந்தையை ஆளும் ரகங்கள் அங்கே தீர்மானமாகின்றன. துருவோடு மல்லுக்கட்டுவது வர்ஜீனியா, மிசௌரி, நெப்ராஸ்காவில் கொல்லையில் நாலு மரம் வைத்திருப்பவர். அவர் பக்கம் நிலைமை மோசமாகிக்கொண்டும் வருகிறது. நடுச் சமவெளிகளில் 1930களின் புழுதிப் புயலுக்குப் பிறகு காற்றுத் தடுப்புக்காகச் சிடார் நட்டார்கள்; புல்வெளித் தீயையும் அடக்கினார்கள். முன்பு தீ தின்றுகொண்டிருந்த சிடார்க் கன்றுகள் இன்று மேய்ச்சல் நிலங்களில் காடாகப் பரவுகின்றன. வித்து சில மைல் தூரம் காற்றில் போகும். தன் வேலியிலுள்ள நாலு சிடாரை வெட்டினால் தொல்லை குறையும், தீராது.

அப்படிப்பட்ட ஒருவர் இந்த ஆண்டு சிடார்களை வெட்டாமல், கோல்டுரஷ் ஆசையையும் விட்டுவிட்டு, லிபர்ட்டிக் கன்று ஒன்றை நடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மே மாதம் அதன் தளிரில் விழப்போகும் வித்துக்கான கட்டி, வேலியோரச் சிடாரில் இப்போதே பச்சை கலந்த பழுப்பாகத் திரண்டிருக்கும். அந்தக் கட்டியை உண்டாக்கிய வித்து, போன ஆண்டு ஆகஸ்டில், அவருடைய பழைய ஜோனதன் மரத்தின் இலையடியிலிருந்து கிளம்பிப் போனதாகவும் இருக்கலாம். ஜோனதனை இன்னும் வெட்டவில்லை. இந்த ஆகஸ்டிலும் அதன் இலையடிக் குழல்கள் வெடித்துக்கொண்டிருக்கின்றன.